வலது இன்ஜினின் சத்தம்

“எட்டாவது தடவையாத் திருப்பி அனுப்பிட்டீங்க மேடம். இதுக்கு மேல என்னால முடியாது.”

தேவசகாயம் பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தார். ஐம்பத்திரண்டு வயது. விமானப் பயிற்சி மென்பொருளுக்குச் சத்தம் அமைப்பது அவர் வேலை. ஒன்பது மாதமாக அதிலேயே கிடந்து நொந்து நூலாகிப் போயிருந்தார்.

எதிரே பர்வீன். அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். முன்பு விமானம் ஓட்டியவர், இப்போது தரையில் பயிற்சி கொடுக்கிறார். அவர் கையெழுத்துப் போடாமல் மென்பொருள் வெளியே போகாது. இன்று மாலை கெடு. தவறினால் தேவசகாயத்துக்கு வேலை போய்விடும்.

“எங்க குறைன்னு வாயைத் திறந்து சொல்லித் தொலைங்களேன்!”

“சொன்னாப் புரியாது சார், உட்கார்ந்து கேளுங்க.” பயிற்சிக்கென்று அறையில் அமைத்திருந்த மாதிரி விமானி இருக்கையைக் காட்டினார் பர்வீன்.

அலுத்துக்கொண்டே ஏறி உட்கார்ந்து ஹெட்போனை மாட்டினார் தேவசகாயம். பர்வீன் ஒரு பொத்தானை அழுத்தினார். வலது இன்ஜின் கரகரத்தது.

“எந்தப் பக்கம் சார்?” உரக்கக் கேட்டார் பர்வீன்.

“வலது பக்கம். எவ்வளவு துல்லியமா இருக்கு! ஒரு மாசம் உசிரைக் கொடுத்துச் செஞ்சேன்.”

“அந்தப் பக்கம் திரும்பிப் பாருங்க.”

திரும்பினார்.

“இப்போ?”

“வலது...”

முகத்துக்கு நேரே கேட்க வேண்டிய இன்ஜின், விமானத்தின் வாலுக்குப் போயிருந்தது.

இடப்பக்கம் திரும்பினார். அது விமானத்தின் மூக்கில் உட்கார்ந்து கத்தியது.

அட கடவுளே! ஒன்பது மாதம் திரையையே நேராக வெறித்து வேலை பார்த்த மனுஷன், ஒரு தடவைகூடத் தலையைத் திருப்பிப் பார்க்கவில்லை. சத்தம் ஹெட்போனோடு ஒட்டிக்கொண்டு அவர் தலை போன பக்கமெல்லாம் கூடவே சுற்றியது.

தேவசகாயத்தை வெட்கம் பிடுங்கித் தின்றது. இறங்கி வந்தார். மேசையில் கிடந்த ஒப்புதல் படிவத்தைத் தானே எடுத்து மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

“கெடு முடிஞ்சா முடியட்டும் மேடம். இதைச் சரி பண்ணாம விடக்கூடாது.”

பர்வீன் தலையாட்டினார்.

வாசல்வரை போன தேவசகாயம் நின்றார்.

“காதைத் தீட்டிக்கிட்டு ஒன்பது மாசம் கேட்டேன். எனக்குத் தட்டுப்படலை. உங்களுக்கு மட்டும் எப்படி?”

“எனக்கு இடது காது போயி ஆறு வருஷம் ஆச்சு சார். யாராவது கூப்பிட்டா, நான் திரும்பித் திரும்பித்தான் தேடணும்.”