கிளையாக உட்கார்ந்த முயல்

மலைக்குளத்துக்குப் போகும் பாதையில் ஒரு முயல் வாய் நிறையப் புல்லோடு ஓடிக்கொண்டிருந்தது. அதன் பெயர் பூவால்.

குளக்கரையில் பூவாலின் தங்கை குட்டி ஈன்று மூன்று நாள்தான் ஆகிறது. அங்கே உறைபனி விழுந்து புல்லெல்லாம் கருகிவிட்டது. தங்கை தின்னாவிட்டால் குட்டிகளுக்குப் பால் ஏது? அதனால்தான் கீழே சோலையிலிருந்து இந்தப் புல். பூவாலுக்கும் பசிதான். ஆனாலும் அதில் ஒரு தாளைக்கூடத் தின்னவில்லை.

பாதை சுலபமானதுதான். லேசான ஏற்றம், நடுவில் ஒரு பாறை வளைவு, அப்புறம் குளம். அந்த வளைவில் மட்டும் வெயில் தாமதமாக விழும். அதுவரை பாறைமேல் பனி கண்ணாடிபோல் உறைந்து கிடக்கும். அதனால் அந்த மலையில் ஒரு வழக்கம். காலையில் முதலில் போகிறவர் வளைவின் குறுக்கே ஒரு பச்சைக் கிளையைப் போட வேண்டும். பின்னால் வருகிறவர்கள் அதைப் பார்த்து மேட்டுப் புல்வழியே சுற்றிப் போவார்கள்.

அன்றும் கிளை கிடந்தது. கடமான் போட்டது. எல்லாம் இளந்தளிர்.

பூவாலுக்கு நாக்கில் நீர் ஊறியது. கண்ணை மூடிக்கொண்டே போகக்கூடிய பாதைக்குக் கிளை எதற்கு என்று நினைத்தது. புல்லைக் கீழே வைத்தது. கிளையைத் தின்று தீர்த்தது. மறுபடி புல்லைக் கவ்விக்கொண்டு ஒரே துள்ளல்!

கால் வழுக்கியது. உருண்டுபோய் ஒரு காய்ந்த முட்புதரில் சிக்கிக்கொண்டது. புல் பள்ளத்துக்குள் போயே போய்விட்டது.

எப்படியோ மேலேறி வந்தது. சோலைக்கு ஓடி வேறு புல் கொண்டுவரத் திரும்பியபோது கீழே உறுமல் கேட்டது. காட்டுப்பன்றி ஒன்று ஐந்து குட்டிகளோடு தண்ணீர் குடிக்க வந்துகொண்டிருந்தது. வேறு கிளை போடலாமென்றால் மரக்கிளை முயலுக்கு எட்டுமா? பூவால் வளைவின் குறுக்கே உட்கார்ந்துவிட்டது.

"ஏண்டி, வழியை மறிச்சிக்கிட்டு என்ன தவம்?" என்றது பன்றி.

"கிளையைத் தின்னுட்டேன் அக்கா. அதான் நானே கிளையா உட்கார்ந்திருக்கேன்."

பன்றி வயிறு குலுங்கச் சிரித்தது. பாறையைப் பார்த்தது. குட்டிகளைப் பார்த்தது. சிரிப்பு நின்றுபோனது. தங்கையிடம் தான் வரத் தாமதமாகும் என்று சொல்லச் சொன்னது பூவால். சரியென்று பன்றி குட்டிகளை மேட்டுவழியே கூட்டிப்போனது.

பிறகு கேளையாடு வந்தது, கீரி வந்தது. ஒவ்வொருவரிடமும் அதே வெட்கக்கதையைச் சொல்ல வேண்டியிருந்தது. குளிரில் காது விறைத்தது. பூவால் நகரவில்லை.

ஒருவழியாக வளைவில் வெயில் விழுந்தது. பனி சொட்டுச் சொட்டாக உருகியது. அப்போது குளத்திலிருந்து கடமான் வந்தது. அதன் கொம்பில் இரண்டு கிளைகள்.

"பன்றி எல்லாத்தையும் சொல்லிட்டா. ஒண்ணு உன் தங்கைக்கு, நீயே கொண்டுபோய்க் கொடு" என்றது கடமான்.

"இன்னொண்ணு யாருக்கு மாமா?"

"நாளைக்குப் பாதையில போட. முதல்ல போகப்போறது நீதான்."

அன்று தங்கை வயிறாரத் தின்றது. குட்டிகள் பால் குடித்துத் தூங்கின. மறுநாள் விடியலில் வளைவின் குறுக்கே ஒரு பச்சைக் கிளை கிடந்தது. ஓர் இலைகூடக் குறையவில்லை.

நமக்கு வேண்டாமென்று தோன்றும் எச்சரிக்கையும் பின்னால் வருகிறவருக்கு வேண்டும். அதை அழித்துவிட்டால், அதன் இடத்தில் நாமே நிற்க வேண்டும்.