ஹால் சுவருக்கு என்ன பூச்சு

வெள்ளிக்கிழமை காலை ஆறே முக்கால். வண்ண அட்டைகள் ஒன்பது. அவற்றைச் சுமந்துகொண்டு அரக்கோணம் ஏரிக்கரை மடத்துக்குள் நுழைந்தவர் தணிகாசலம்.

மடத்தை நடத்தும் அஞ்சலை அம்மாளுக்கு அவர் சீடர். குருவுக்கு வயது நாற்பத்து மூன்று, சீடருக்கு அறுபத்தொன்று. அவர் ‘அம்மா’ என்பார்; அம்மாள் பதிலுக்கு ‘ஐயா’ என்பார். ஊரில் சிலர் சிரிப்பார்கள். இருவரும் கண்டுகொள்வதில்லை.

அம்மாள் தலை நிறைய நல்லெண்ணெய் வைத்துக்கொண்டு, வெந்நீர் காயக் காத்திருந்தார்.

“வீடு முடிஞ்சிடுச்சும்மா. உள்சுவர் வேலை மட்டும் நிக்குது. ஹாலுக்கு என்ன பூச்சு, நீங்கதான் சொல்லணும்.”

“செண்பகம் என்ன சொல்லுது?”

தணிகாசலம் அட்டைகளைச் சீட்டுக்கட்டு போலத் தட்டி அடுக்கினார். செண்பகம் அவர் மனைவி. ஒரு மாதமாக அப்பா வீட்டில் இருக்கிறார்.

“அவ வர மாட்டேங்குறா.”

“ஏன்?”

“மாமனாரை நம்மகூட வெச்சுக்கலாம்னுதான் வீடே கட்டினேன். ஆனா மனுஷன் தலையில எண்ணெய் வழியும். எங்க உட்கார்ந்தாலும் சுவர்ல சாய்வாரு. வாடகை வீட்டுல நாலு நாள் தங்கினாரு, பூசணிக்காய் சைசுக்குக் கறை. அதான் பின்னால ரூமுல நாலடிக்கு டைல்ஸ் ஒட்டித் தர்றேன், ஹால் பக்கம் வர வேணாம்னேன்.”

“அதுக்கு?”

“‘எங்கப்பா ஹாலுக்கு வரக்கூடாதுன்னா, பால் காய்ச்ச நீங்களே அடுப்பு மூட்டிக்குங்க’ன்னுட்டாம்மா. கறை ஒட்டாத பூச்சு ஒண்ணு கிடைச்சா, நான் ஏன் அவரைத் தடுக்கப் போறேன்?”

அம்மாள் வெந்நீர் அடுப்பை அணைத்தார். எண்ணெய்த் தலையோடு செருப்பை மாட்டினார்.

“வாங்க, பார்த்துடலாம்.”

புது வீட்டு ஹாலின் நீளச் சுவரில் பெயிண்டர் நான்கு மாதிரிகள் போட்டு வைத்திருந்தார். அம்மாள் வந்த களைப்பில் தரையில் அமர்ந்து, முதல் மாதிரியில் சாயப் போனார்.

“அம்மா! அங்க வேணாம். அது சுண்ணாம்பு. எண்ணெயை அப்படியே குடிச்சிடும்.”

அம்மாள் தள்ளி உட்கார்ந்தார்.

“அது எமல்ஷன்மா. இன்னும் ஈரம் காயலை.”

இன்னும் தள்ளிப் போனார்.

“அது டெக்ஸ்சரு. மேடும் பள்ளமுமா இருக்குது பாருங்க, எண்ணெய் இறங்குச்சுன்னா துடைக்க முடியாது.”

“இது?”

“வால்பேப்பர். நீங்க கோவிச்சுக்கக் கூடாது…”

அம்மாள் வாசல் நிலையில் முதுகு வைக்கப் பார்த்தார். நிலைக்கு நேற்றுதான் பாலிஷ் போட்டதாம். அவர் எழுந்தார், படி இறங்கினார், தெருவில் மிச்சம் கிடந்த மணல் குவியலில் போய் உட்கார்ந்துவிட்டார்.

எதிர்வீட்டுப் பெண் கோலம் போடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். தணிகாசலம் பிளாஸ்டிக் நாற்காலியோடு ஓடி வந்தார்.

“ஐயோ, தெருவுல உட்காரலாமா? என் மானம் போகுது.”

“நீங்க தள்ளிப் போகச் சொன்னீங்க, தள்ளித் தள்ளி வந்தேன். இங்கதான் நீங்க ஒண்ணும் சொல்லலை.”

தணிகாசலம் நாற்காலியைக் கீழே வைத்தார்.

“உங்க தலையிலயும் எண்ணெய் மினுக்குதே ஐயா. இந்த வீட்டுல நீங்க எங்க சாய்ஞ்சீங்க?”

“நான் எங்கம்மா சாயறது? தினமும் வர்றேன். நின்னு பார்க்கறேன். பூட்டிக்கிட்டுப் போறேன்.”

சொன்ன பிறகு அவரே வீட்டைத் திரும்பிப் பார்த்தார். ஆனாலும் கேட்க வந்த கேள்வியை விட மனமில்லை.

“அது இருக்கட்டும். எந்தப் பூச்சு போட்டா கறை ஒட்டாது?”

அம்மாள் புடவையில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

“இப்படியே பூட்டி வெச்சீங்கன்னா, எதுலயும் ஒட்டாது.”

2018 ஆகஸ்ட் 29 அன்று அந்த வீட்டில் செண்பகம் பால் காய்ச்சினார். ஹாலுக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். அன்று மாலை அந்தச் சுவரில், உட்கார்ந்த ஆளின் தலை உயரத்தில், இரண்டு எண்ணெய்க் கறைகள் இருந்தன. ஒன்று மாமனாருடையது. பக்கத்தில் இருந்தது தணிகாசலத்துடையது.