குளத்து நிலாவுக்குக் காவல்

மேகங்கள் தாழ இறங்கிவந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போகும் நாடு அது. அந்த நாட்டு ராணிக்குத் திடீரென்று ஒரு கவலை. அரண்மனைக் குளத்தில் மிதக்கும் நிலாவை யாராவது அள்ளிக்கொண்டு போய்விட்டால்? உடனே காவலுக்கு ஆள் எடுக்கச் சொன்னாள்.

அந்தி நேரம். குளக்கரையில் ராணி உட்கார்ந்திருக்க, பெரிய அதிகாரி செங்கோடப்பர் ஆள் எடுத்தார். வந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி எருமை மேய்க்கும் வேலாத்தாள். இன்னொருவன் அதிகாரியின் மச்சினன் சிங்காரம்.

“நிலாவைக் காவல் காத்த அனுபவம் இருக்கா உனக்கு?” என்று வேலாத்தாளைப் பார்த்து உறுமினார் அதிகாரி.

“இந்த வேலையே நேத்துத்தானேங்க உண்டாச்சு?”

“பக்கத்து நாட்டுல எப்பவோ உண்டாயிருச்சு. நம்ம சிங்காரம் அங்கே பல வருஷம் பார்த்த வேலை இது.”

வேலாத்தாள் சிங்காரத்தைக் கும்பிட்டாள். “அப்படீங்களா! அங்கே லீவெல்லாம் குடுப்பாங்களா அண்ணா?”

சிங்காரம் நெஞ்சை நிமிர்த்தினான். “லீவா? ஒரு ராத்திரி எடுத்ததில்லை!”

“அமாவாசைக்குக்கூடவா?”

“அமாவாசைக்கும்தான்! விடிய விடிய நிலாவை விட்டுக் கண்ணை எடுக்கலையே!”

ராணி சிரித்த சிரிப்பில் குளம் அலையடித்தது. உள்ளே நிலாவும் குலுங்கியது. அதிகாரி தலை குனிந்தார்.

“சரி, உனக்கென்ன அனுபவம்?” என்று வேலாத்தாளைக் கேட்டாள் ராணி.

“எங்க எருமைத் தொட்டிக்கும் தினம் நிலா வருதுங்கம்மா. நான்தான் பார்த்துக்கறேன். இதுவரைக்கும் திருட்டுப் போகலை. சந்தேகம்னா மேலே பாருங்க, அப்படியே இருக்கு.”

ராணி மேலே பார்த்தாள். பிறகு காவல் கோலை எடுத்து வேலாத்தாள் கையில் கொடுத்தாள்.