பேச்சியம்மாள் கல்யாணத்தில் ஒரு டார்ச் லைட்

பொதிகை மலையடிவாரத்தில் ஒரு சிறிய மடம். அதை நடத்திவந்தவர் இசக்கியம்மை. அவருடைய சீடர்களில் தளவாய் ஒருவர். குருவைவிட வயதில் மூத்தவர். வனத்துறையில் ரேஞ்சராக இருந்து ஓய்வு பெற்றவர். தியானம் கற்க வந்தாலும் காட்டுப் பழக்கம் அவரை விடவில்லை. டார்ச் லைட் இல்லாமல் வெளியே கிளம்பமாட்டார்.

ஐப்பசியில் ஒருநாள் புதிய டார்ச் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தார். கட்டைவிரலைவிடக் கொஞ்சம்தான் பெரியது.

“அளவு இம்புட்டுத்தாம்மா. அமுக்கினா ஜீப் ஹெட்லைட் தோத்துப் போகும்.”

“நல்லா இருக்கே.”

“வாளித் தண்ணியில முக்கிப் பாத்தேன், ஒண்ணும் ஆகல. மாடியில இருந்து கீழ போட்டேன், அப்பவும் எரியுது. பையில கிடந்தா கனமே தெரியல. நேத்து சாயங்காலம் எதிர்ப்பாறையில அடிச்சேன். அங்க உக்காந்திருந்த குரங்கோட பல்லு வரைக்கும் தெரியுது.”

“குரங்கு என்ன சொல்லிச்சு?”

“கோவிச்சுக்கிட்டு எந்திரிச்சுப் போயிட்டுது.”

இருவரும் சிரித்தார்கள்.

“பிறகு என்ன சந்தேகம், அண்ணாச்சி?”

“தினமும் கூடவே வச்சிருக்க இது தோதுப்படுமா? எல்லாச் சோதனையும் செஞ்சு பாத்துட்டேன். மனசு இன்னும் சரின்னு சொல்லமாட்டேங்குது.”

“வெள்ளிக்கிழமை பேச்சியம்மாள் கல்யாணத்துக்கு வருவீங்கள்லா? கொண்டாங்க.”

“கல்யாண வீட்டுல டார்ச் எதுக்கும்மா?”

“தினமும்னா அன்னைக்கும்தானே?”

பேச்சியம்மாளுக்குக் காது கேட்காது. மாப்பிள்ளை சுடலைமுத்துவுக்கும் கேட்காது. ஒரே பள்ளிக்கூடத்தில் படித்து, கைகளாலேயே பேசிப் பழகி, காதலித்தவர்கள். கூடப் படித்தவர்கள் ஒரு வேன் நிறைய வந்திருந்தார்கள். மடத்துக் கூடத்தில்தான் கல்யாணம். விடியற்காலை முகூர்த்தம்.

மடத்தில் நடக்கும் கல்யாணங்களில் மந்திரம் கிடையாது. மாப்பிள்ளை பெண்ணிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும். பெண் பதில் சொல்ல வேண்டும். பதில் பிடித்திருந்தால் தாலி கட்டலாம்.

வெளியே மழை கொட்டியது. சாரலுக்காக ஜன்னல்களைச் சாத்தியிருந்தார்கள். சுடலைமுத்து பெண்ணின் எதிரே நின்று, கேட்பதற்காகக் கைகளைத் தூக்கினான்.

கரண்டு போய்விட்டது.

ஜெனரேட்டர் இரண்டு முறை இருமிவிட்டு அடங்கியது. குத்துவிளக்கின் வெளிச்சம் மணமக்களின் பாதங்களைத் தாண்டவில்லை. மற்றவர்கள் ஒருவரை ஒருவர் சத்தம் போட்டுக் கூப்பிட்டுக்கொண்டார்கள். பேச்சியம்மாளுக்கு அதுவும் முடியாது. பக்கத்தில் நின்ற தாயின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள்.

“ஒதுங்குங்க, ஒதுங்குங்க! நான் இருக்கேன்!” என்று தளவாய் முன்னால் வந்தார்.

டார்ச்சைப் பெண்ணின் பக்கம் திருப்பி அமுக்கினார். அவள் இரண்டு கைகளாலும் கண்களைப் பொத்திக்கொண்டாள்.

மாப்பிள்ளையின் பக்கம் திருப்பினார். சுடலைமுத்து கண்ணைச் சுருக்கிக்கொண்டே கேள்வியைக் கேட்டான். பேச்சியம்மாள் அதைப் பார்த்துவிட்டாள், பதிலும் சொன்னாள். ஆனால் அவள் கைகள் இருட்டில் இருந்தன. அவன் தெரியாமல் விழித்தான்.

தளவாய் மறுபடி பெண்ணின் பக்கம் திருப்பினார். அவள் மறுபடி கண்ணைப் பொத்தினாள். வேனில் வந்தவர்களும் முகத்துக்குக் குறுக்கே கையை வைத்துக்கொண்டு அவரையே பார்த்தார்கள்.

“முகூர்த்தம் போயிரும் போல இருக்கே!” பெண்ணின் தாய் ஆவுடைத்தங்கத்துக்கு அழுகை வந்துவிட்டது.

தளவாய்க்கு வியர்த்தது. டார்ச் கையைச் சுட்டது.

“அம்மா, வெளிச்சத்தை இன்னும் ஒரு படி கூட்டிப் பாக்கட்டா?”

இசக்கியம்மை இருட்டில் தடவிக்கொண்டு அவர் அருகில் வந்தார். டார்ச்சைப் பிடுங்கவில்லை. அவர் மணிக்கட்டைப் பிடித்து மெதுவாக மேலே திருப்பினார்.

கூடத்தின் உட்கூரை புதிதாக வெள்ளையடித்தது. அதில் பட்ட வெளிச்சம் அங்கிருந்து இறங்கி எல்லார் மேலும் பரவியது. சந்தனக் கிண்ணம் தெரிந்தது. மடியில் தூங்கிய குழந்தை தெரிந்தது. பேச்சியம்மாள் கைகளை எடுத்துவிட்டுப் பார்த்தாள். எதிரே சுடலைமுத்து. அவனும் அவளைப் பார்த்தான்.

அவன் கைகள் மறுபடி கேட்டன. ஆவுடைத்தங்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மற்றவர்களுக்காக வாய்விட்டுச் சொன்னாள்.

“நான் விடுற குறட்டை உனக்குக் கேக்காது. உன்னை மாதிரி பாக்கியசாலி வேற யாரும் இல்ல. என்னைக் கட்டிக்கிடுதியான்னு கேக்காரு.”

கூடம் சிரித்தது. பேச்சியம்மாளின் விரல்கள் பறந்தன.

“கட்டிக்கிடுதேன். ஆனா சண்டையில நீ கண்ணை மூடிக்கிட்டா நான் திட்டுறது தெரியாதுன்னு நினைக்காத. உன் இமையை விரிச்சு வச்சுத் திட்டுவேன்னு சொல்லுதா.”

சுடலைமுத்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிரிப்பு அடங்காமலேயே தாலியைக் கட்டினான். முதல் முடிச்சு தவறி, இரண்டாவது தடவைதான் விழுந்தது. நாதஸ்வரம் முழங்கியது. வேனில் வந்தவர்கள் கைகளை உயரத் தூக்கி விரல்களை அசைத்தார்கள். அவர்கள் கைதட்டுவது அப்படித்தான். பிறகு அத்தனை பேரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். கூடத்தின் இந்த மூலையில் இருந்தவன் அந்த மூலையில் இருந்தவளைக் கேலி செய்தான். அவள் அங்கிருந்தே திருப்பிக் கொடுத்தாள். கைகள் ஓயவே இல்லை.

தளவாய் தூண் ஓரமாக, தூக்கிய கையோடு நின்றார். வலித்தபோது கையை மாற்றிக்கொண்டார். சூடு தாங்காமல் வெளிச்சத்தை ஒரு படி குறைத்தார். ஒருவரும் கவனிக்கவில்லை. அவர்கள் பேசுவது அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் அவர்கள் சிரித்தபோதெல்லாம் அவரும் சிரித்தார்.

பந்தியில் பாயசம் வரும்போது மழை விட்டது. ஜன்னல்களைத் திறந்தார்கள். நன்றாக விடிந்திருந்தது. தளவாய் டார்ச்சை அணைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, தோளைத் தடவியபடி குருவின் பக்கத்து இலையில் வந்து உட்கார்ந்தார்.

“அம்மா.”

“சொல்லுங்க.”

“முகத்துக்கு நேரா அடிச்சப்ப எல்லாரும் என்னையே பாத்தாங்க. இவ்வளவு நேரம் மேல பிடிச்சுக்கிட்டு நின்னேன். விளக்கு யார் கையில இருக்குன்னு ஒருத்தர்கூடக் கேக்கலையே?”

இசக்கியம்மை பாயசத்தை வழித்துக் குடித்துவிட்டு நிமிர்ந்தார்.

“எப்படிக் கேப்பாங்க, அண்ணாச்சி? எல்லாரும் பேசிக்கிட்டு இருந்தாங்கல்லா!”