ஜல்லியில் மாட்டிய ரயில்

கிட்ட வந்து குந்துங்க. இன்னும் கிட்ட. சத்தமாகச் சொன்னால் அந்த மூணு பேர் காதில் விழும், பக்கத்துத் தெருதான்.

ஜோலார்பேட்டையில் தேவநாதன் என்று ஒருத்தர். கூடத்தில் மேசை போட்டு, மலை, ஸ்டேஷன் எல்லாம் செய்து பொம்மை ரயில் ஓட்டுவார். அவர் மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள். மாப்பிள்ளையின் அப்பாவுக்கு ரயில் என்றால் உயிர். "ரயில் ஓடினாத்தான் உங்க வீட்ல கை நனைப்பேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

தண்டவாளத்துக்கு ஜல்லி போடுவதுதான் பாக்கி. அதை மச்சான்கள் மூணு பேரிடம் விட்டார்: கதிர்வேலு, பூபதி, ஏகாம்பரம். மூவரில் ஏகாம்பரம் புத்திசாலி. அதை அவனே சொல்லுவான்.

"பாதை பூரா பொடிஜல்லி தூவி, பசைத்தண்ணி ஊத்துங்க. ஒரு இடம் விடக் கூடாது" என்றார் தேவநாதன்.

விடவில்லை. ரயில் நின்ற இடத்தையும் விடவில்லை. விடிந்து பார்த்தால் எஞ்சின் முழங்கால் வரை ஜல்லியில்.

"ரயிலை எடுத்துட்டுப் போடக் கூடாதாடா?"

"எடுக்கச் சொல்லலையே மாமா" என்றான் பூபதி.

தேவநாதனுக்குத் தலையில் அடித்துக்கொள்ளக்கூட நேரமில்லை. விருந்தாளிகளை அழைத்து வரணும். "வெந்நீர் விட்டா பசை இளகும். தப்பா விழுந்த ஜல்லியை மட்டும் எடுங்க. நல்ல ஜல்லியைத் தொடாதீங்க" என்று ஓடினார்.

கதிர்வேலு சக்கரத்தடியில் ஒரு கல்லைக் கிள்ளி எடுத்து வெளிச்சத்தில் பார்த்தான்.

"இது நல்லதா, கெட்டதா?"

"முகத்தைப் பாத்தா நல்லதாத்தான் தெரியுது" என்றான் பூபதி.

"பாவம், இருந்த இடத்துலயே வெச்சிடு. விழாம ஒரு சொட்டு பசையும் விடு" என்றான் ஏகாம்பரம்.

இப்படியே எல்லாக் கல்லையும் விசாரித்தார்கள். கெட்டது ஒன்றும் அகப்படவில்லை. வெந்நீர் ஆறிப்போச்சு, குடித்துவிட்டார்கள்.

விருந்தாளிகள் வந்தார்கள். தேவநாதன் ஸ்விட்சைப் போட்டார். ரயில் உறுமியது, நகரவில்லை. மாப்பிள்ளையின் அப்பா கேசரித் தட்டைத் தள்ளிவைத்துவிட்டுச் செருப்பைத் தேடினார். தேவநாதன் முகம் செத்துப்போச்சு.

"உக்காருங்கய்யா" என்றான் ஏகாம்பரம். "அது ஓடாட்டி நாம ஓடுவோம்."

மூணு பேரும் அவரை நாற்காலியோடு தூக்கி, மேசையைச் சுற்றி ஓடினார்கள்.

"ரயில் பின்னாடியில்ல போகுது" என்றார் அவர்.

திரும்பி, எதிர்ப் பக்கமாக ஓடினார்கள். அவர் கண்ணுக்கு ரயில் முன்னாடி போச்சு. அவர் முகம் மலர்ந்தது. "அந்தக் கேசரியை எடுங்க" என்றார். போகிற போக்கில் ஒரு வாய் போட்டார். கை நனைந்தது, சம்பந்தம் முடிந்தது.

"போதும், இறக்குங்கப்பா. தட்டு மாத்திக்கலாம்."

"ஓடுற ரயில்லேர்ந்து இறங்கக் கூடாதுங்க" என்றான் ஏகாம்பரம்.

தேவநாதன் தாம்பூலத் தட்டோடு பக்கத்திலேயே ஓடிவந்து நீட்டினார். ஏகாம்பரம் முழங்கையால் அவரை ஓரம் தள்ளி, "பிளாட்பாரத்துல நிக்கிறவங்க தள்ளி நில்லுங்க" என்று சொல்லிவிட்டு, வேகத்தைக் கூட்டினான்.