நால்வர் வீடு ஏன் நிலைப்பதில்லை

அணுகூடப் பிறந்திராத காலம் அது. அணுவுக்குள்ளே அடங்கியிருக்கும் மிகச் சிறிய துணுக்குகளான குவார்க்குகள் அப்போது வாய்விட்டுப் பேசும், சிரிக்கும், சண்டை போடும். இப்போது பேசுவதில்லை. ஏன் பேச வேண்டும், நடந்தது போதாதா?

ஆரம்பத்தில் உலகம் கொதித்துக்கொண்டிருந்தது. யாருக்கும் வீடு தேவைப்படவில்லை, இஷ்டம்போல் அலைந்தார்கள். பிறகு வெளி விரிந்தது, குளிர் இறங்கியது. குளிரோடு ஒரு சட்டமும் வந்தது. குவார்க் பெண்களுக்குச் சிவப்பு, பச்சை, நீலம் என்று நிறம் உண்டு. எதிர்க்குவார்க் ஆண்களுக்கு அந்த நிறங்களை அழிக்கும் எதிர்நிறங்கள். ஒரு வீட்டார் கூடி நின்றால் நிறமெல்லாம் கலந்து வெள்ளையாக வேண்டும். வெள்ளையாகாதவர்கள் தனியே நடமாடக் கூடாது. இதைப் போட்டது யார் என்று என்னைக் கேட்காதீர்கள். தெரிந்திருந்தால் நானே போய் நாலு வார்த்தை கேட்டிருப்பேன்.

மூன்று நிறப் பெண்கள் மூவர் மூவராகக் குடியேறினார்கள். மற்றவர்கள் ஒரு பெண்ணும் ஒரு ஆணுமாகக் கைபிடித்து ஜோடி ஜோடியாகக் குடியேறினார்கள்.

வசீகரி கனத்த குவார்க். கொதித்த காலத்திலேயே அவள் மாறனை மணந்திருந்தாள். மாறன் அவள் வகையிலேயே அவளுக்கு நேர் எதிரான எதிர்க்குவார்க். அதுதான் அவர்களுடைய கஷ்டம். ஒரே வகையைச் சேர்ந்த பெண்ணும் ஆணும் கைபிடித்தால், என்றாவது ஒரு நாள் இருவரும் ஒளியாகிக் காணாமல் போவார்கள். பக்கத்து வீட்டு ஜோடி அப்படிப் போனதை வசீகரி கண்ணால் பார்த்தாள். பேசிக்கொண்டே இருந்தவர்கள்தான். பளிச்சென்று ஒரு வெளிச்சம் வந்தது, அப்புறம் வீடு காலி.

"உங்களைத் தொடாமலும் இருக்கணும், பிரியாமலும் இருக்கணும். ஏதாவது வழி சொல்லுங்க," என்றாள்.

மாறன் யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தான். பூளை என்று ஒரு லேசான குவார்க் பெண், அவள் கணவன் சிட்டன். அவர்களுக்கும் இதே பயம். நால்வரும் ஒரே வீட்டில் இருப்பது என்று முடிவாயிற்று. வசீகரி பூளையின் கையைப் பிடித்துக்கொண்டாள், மாறன் சிட்டனின் கையைப் பிடித்துக்கொண்டான். இரண்டு பெண்கள் மட்டும் சேர்ந்தால் வெள்ளை வராது. இரண்டு ஆண்கள் மட்டும் சேர்ந்தாலும் வராது. அதனால் இரண்டு பக்கத்துக்கும் நடுவில் ஒரு கயிறு தானாக முளைத்தது. விலகினால் இழுக்கும், இன்னும் விலகினால் இன்னும் பலமாக இழுக்கும்.

நன்றாகத்தான் வாழ்ந்தார்கள். மாறன் சும்மா இருக்கும்போதெல்லாம் கயிற்றைச் சுண்டுவான். வசீகரி அந்தப் பக்கத்திலிருந்து பதிலுக்குச் சுண்டுவாள். "இதுங்களுக்கு வேற வேலையே இல்ல," என்று பூளை சிரிப்பாள்.

ஆனால் பெண்ணும் பெண்ணும் பிடித்தால் பிடியில் பாதி வலுதான் இருக்கும். ஆணும் ஆணும் பிடித்தாலும் அப்படித்தான். குளிர் கூடக் கூட வசீகரியின் கை நொந்து நடுங்கத் தொடங்கியது.

"அக்கா, வழுக்குதுக்கா," என்று பூளை அழுதாள்.

வசீகரி மாறனைக் கூப்பிட்டாள். "என்னங்க, கை விட்டுப்போச்சுன்னா நாலு பேரும் போச்சு. பூளையை நீங்க பிடிச்சுக்குங்க, சிட்டனை நான் பிடிச்சுக்கறேன். பொண்ணும் ஆணும் பிடிச்சா முழுப் பிடி. அவனும் நானும் வேற வேற வகை, ஒளியாயிடுவோம்ங்கற பயமும் இல்லை."

"இத்தனை காலம் வீடு ஆடிக்கிட்டேதான் நின்னிருக்கு, இனிமேலும் நிக்கும். கையை மாத்தாதே, வசீ."

"என் கை நோவு உங்களுக்கு எங்க தெரியப்போகுது?"

மாறன் பூளையின் பக்கம் கையை நீட்டினான்.

கை மாறியது. நடுக்கம் அந்தக் கணமே நின்றது. "பார்த்தீங்களா, நான் சொல்லலை?" என்று வசீகரி சிரித்தாள். அவள் கடைசியாகச் சிரித்தது அப்போதுதான்.

அவளும் சிட்டனும் வெள்ளையாகியிருந்தார்கள். மாறனும் பூளையும் வெள்ளையாகியிருந்தார்கள். இரண்டும் குறையில்லாத தனித்தனி வீடுகள். குறையில்லாதவர்களுக்கு நடுவில் கயிற்றுக்கு என்ன வேலை? அது தளர்ந்தது, தொய்ந்தது, பிறகு இல்லை. யாரும் தள்ளாமலே இரண்டு ஜோடிகளும் விலகிப் போக ஆரம்பித்தன.

"கையை விடுடா சிட்டா, நான் அவர்கிட்ட போகணும்!"

"நானும் பூளைகிட்ட போகணும்க்கா! கை பிரிய மாட்டேங்குதே!"

எப்படிப் பிரியும்? விட்டால் இருவரும் நிறத்தோடு தனியாக நிற்க வேண்டும். சட்டம் அதை விடாது. வசீகரி உதறினாள், இழுத்தாள், கெஞ்சினாள். அவளே தேடிக்கொண்ட முழுப் பிடி அது.

தூரத்திலிருந்து மாறனின் குரல் கேட்டது. "வசீ, கை நோவு நின்னுச்சா?"

"நின்னுடுச்சுங்க," என்றாள். அது அவன் காதில் விழுந்ததோ இல்லையோ.

இன்று மண்ணுக்கடியில் பெரிய சுரங்கம் போட்டுத் துகள்களை மோதவிடுகிறவர்களுக்கு எப்போதாவது நால்வர் வீடு ஒன்று கிடைக்கிறது. கிடைத்தது என்று சொல்வதற்குள் போய்விடுகிறது. மிச்சம் கிடைப்பதை வைத்துக்கொண்டு, நால்வரும் ஒரே கயிற்றில் கட்டுண்டு இருந்தார்களா, இரண்டு ஜோடிகள் சும்மா பக்கத்தில் நின்றனவா என்று விதவிதமாக மாதிரிகள் போட்டு வாதாடுகிறார்கள். பாவம், அவர்கள் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது.

வசீகரி கை மாற்றிப் பிடித்த அந்த நாளிலிருந்துதான், நால்வர் கூடிய எந்த வீடும் பிறந்த கணமே இரண்டாகிறது. அடுத்தவர் துணையின் கையைப் பிடித்தபடி ஒவ்வொருவரும் ஒவ்வொரு பக்கம் போகிறார்கள்.