முதல் மணியிலேயே போனை எடுத்தவர்

கோயம்புத்தூரில் ஒரு கம்பெனி. வேலைக்கு வரும் விண்ணப்பங்களைச் சலித்துக் கொடுக்கும் மென்பொருள் செய்கிறார்கள். அங்கே ஒரு குருவும் ஒரு சிஷ்யரும் இருந்தார்கள். குரு வசுந்தராவுக்கு வயது முப்பத்தொன்று. சிஷ்யர் சென்னியப்பனுக்கு அந்த வயதில் ஒரு மகளே இருந்தாள்.

மில்லில் பல வருஷம் ஆள் எடுத்தவர் சென்னியப்பன். கம்ப்யூட்டர் எப்படி ஆள் எடுக்கிறது என்று கற்றுக்கொள்ள வந்தவர். கற்றதைவிட நம்பியதுதான் அதிகம்.

ஒரு மதியம் அவர் மடிக்கணினியோடு குருவின் மேசைக்கு வந்தார். குழந்தைகள் ஆஸ்பத்திரி ஒன்றுக்கு ஆம்புலன்ஸ் டிரைவர் வேண்டும். ஒரே ஓர் இடம். ஐந்து மணிக்குள் பெயரைச் சொல்லியாக வேண்டும்.

“மேடம், எல்லா விண்ணப்பத்துக்கும் மார்க் போட்டாச்சுங்க. தரத்தைச் சரியா அளந்திருக்கேனான்னு ஒருக்கா பாருங்க.”

“முதல்ல யாரு?”

“ஜெயசீலன். தொண்ணூத்தெட்டு மார்க்குங்க.”

“கடைசியில?”

“முபாரக். பதினாலு வருஷமா ஓட்டறாரு, ஒரு விபத்து இல்லை. ஆனா ஆளுக்கு ஆர்வமே இல்லீங்க. மென்பொருள் தானா மூணு தடவை போன் போட்டுச்சு, எடுக்கலை. ரொம்ப நேரம் கழிச்சு, சாவகாசமா அவராக் கூப்பிட்டாரு. மென்பொருள் அவரைக் கழிச்சுக் கட்டிருச்சு.”

“ஜெயசீலன்?”

“முதல் மணியிலேயே எடுத்துட்டாருங்க. வேலை வேணும்ங்கறவன் அப்படித்தான் எடுப்பான். அதுக்குத்தான் நான் பாதி மார்க் வெச்சிருக்கேன்.” சொல்லும்போது அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

குரு கடிகாரத்தைப் பார்த்தார். மணி மூன்றே முக்கால்.

“இப்ப அவரைக் கூப்பிடுங்க சார். ஸ்பீக்கர்ல போடுங்க.”

ஒரு மணி முழுதாக அடிக்கவில்லை. “வணக்கம் சார்! சொல்லுங்க சார்!”

பார்த்தீர்களா என்பது போல் சென்னியப்பன் புருவத்தைத் தூக்கினார். “தம்பி, ரெண்டு கேள்வி கேக்கணும். பேசலாமுங்களா?”

“தாராளமாப் பேசலாம் சார்.” பின்னால் ஒரு லாரியின் ஹாரன் அலறியது. ஏதோ ஒரு சின்னப் பிள்ளை பாடிக்கொண்டிருந்தது. “ஸ்கூல் வேன் சார். பிள்ளைகளை வீட்ல விடப் போயிட்டிருக்கேன். நீங்க கேளுங்க, ஸ்டியரிங்குக்கு நமக்கு ஒரு கை போதும்.”

குரு எட்டி அழைப்பைத் துண்டித்தார்.

அடுத்த நொடியே போன் அடித்தது. ஜெயசீலன்தான். பழக்கத்தில் சென்னியப்பனின் கை நீண்டது, பாதியில் நின்றது. அது அடித்து ஓயும்வரை இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“படுபாவி! வண்டி நிறையப் பிள்ளைகளை வெச்சுக்கிட்டு... இவன் பேரை இப்பவே அடிச்சுடறேனுங்க.”

“அடிங்க. அவர் எடுத்தது யார் கூப்பிட்ட போனுங்க சார்?”

சென்னியப்பன் தன் போனை எடுத்துக் குப்புற வைத்தார்.

“இன்னிக்கு இன்னும் எத்தனை டிரைவருக்கு நம்ம மென்பொருள் கூப்பிடும்?”

“மத்த கம்பெனிகளுக்கு எழுதிப் போட்டவங்க அறுபது பேருங்க. நாலு மணி ஆனாப் போன் தானாப் போகும்...” முடிக்காமலே எழுந்து ஓடினார். அவர் ஓடி அந்த ஆபீசில் யாரும் பார்த்ததில்லை.

திரும்பி வந்தபோது அவருக்கு மூச்சு வாங்கியது.

“நிறுத்திட்டேனுங்க. ஒரு போன்கூடப் போகலை. போன் எடுக்கறதுக்கு வெச்ச மார்க்கையும் தூக்கிட்டேன். இப்ப முபாரக்தான் முதல்ல வர்றாரு. கூப்பிட்டுச் சொல்லிடட்டுங்களா?”

“கூப்பிடாதீங்க. மெசேஜ் போட்டு வைங்க.”

“அஞ்சு மணிக்குள்ள அவர் பார்க்கலைன்னா? ஆஸ்பத்திரிக்காரங்க சத்தம் போடுவாங்களே, நான் என்னங்க சொல்றது?”

“டிரைவர் வண்டி ஓட்டிட்டிருக்கார்னு சொல்லுங்க.”